மேல்மாடிச் சிஸ்டர்மார்

அக்கா,

போன செவ்வாய்க்கிழமை தபால்காரர் ஒரு உறை கொண்டுவந்தார். இலங்கைத் தபால்தலை. முகவரியைப் பார்த்ததுமே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. என் பெயர், அப்பா பெயர், கதவு எண் பழையது ஒன்று புதியது ஒன்று, தெரு, குறுக்குத் தெரு, தாலுகா, மாவட்டம் என்று ஒன்று விடாமல் எழுதியிருந்தது. பாளையங்கோட்டையில் பெயரையும் தெருவையும் போட்டாலே கடிதம் எனக்கு வந்து சேரும். இப்படி எழுதுகிறவர் என்னைத் தெரிந்தவராக இருக்க முடியாது. ஆனால் என் விவரம் எல்லாம் அவர் கையில் இருக்கிறது. உறையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். முகர்ந்து பார்த்தேன். பழைய காகிதமும் பாச்சா உருண்டையும் கலந்த வாசனை அடித்தது. எங்கோ பழகிய வாசனை, எங்கே என்றுதான் பிடிபடவில்லை. எங்கள் வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே, "பாம்பா வச்சு அனுப்பியிருப்பாங்க? பிரிச்சுப் பாரு," என்றார்.

உள்ளே உங்கள் படம் இருந்தது. முப்பத்தோராம் நாள் நினைவு அட்டை. கூடவே உங்கள் மகள் ஒரு துண்டுத்தாளில் எழுதியிருந்தார்: "அம்மாவின்ட அலுமாரியில உங்கட பாஸ்போட் கொப்பி கிடந்தது. அதில இருந்த அட்ரசுக்கு அனுப்புறன். நீங்க ஆரெண்டு எனக்கு விளங்கேல்ல. அம்மா பத்திரமா வச்சிருந்தபடியா அனுப்புறன்." கீழே ஒரு போன் நம்பர்.

அந்த நகல் எந்தப் போலீஸ் நிலையத்து ஃபைலில் கிடக்கிறதோ என்று நான் சில நாள் உறங்காமல் கிடந்திருக்கிறேன். அது உங்கள் சேலைகளுக்கு நடுவில் இருந்திருக்கிறது.

அந்தப் பயணத்தின் தொடக்கமே பொய். எங்கள் சபையிலிருந்து ஊழியப் பயணமாக இலங்கைக்கு ஆறு பேர் வந்தோம். உங்கள் ஊரில் கேஸ் இல்லை, பால்மா இல்லை, கரண்ட் இல்லை என்று செய்தி வந்துகொண்டிருந்த நேரம். பால்மாவும் காய்ச்சல் மாத்திரையும் கொடுத்து, வீடு வீடாக ஜெபித்து வரலாம் என்று எங்கள் ஐயர் சொன்னார். பாதிரியாரை ஐயர் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஊழியத்துக்குத் தனி விசா வாங்க வேண்டுமாம், அதற்கு மாதக்கணக்காகுமாம். அதனால் கேட்டால் சுற்றிப் பார்க்க வந்ததாகச் சொல்லும்படி அவரே சொல்லிக்கொடுத்தார். விமான நிலையத்தில் அந்த அதிகாரி என்னைப் பார்த்தபோது நானும் அப்படியே சொன்னேன். இருபத்தாறு வருஷம் பரீட்சை ஹாலில் நின்று, பொய் சொல்லும் பிள்ளையின் காதைப் பார்த்தே கண்டுபிடித்தவள் நான். அன்று என் காதுதான் சுட்டது.

ஐயரும் ஆண்கள் இரண்டு பேரும் வெள்ளவத்தையில் ஒரு பிளாட்டில் தங்கினார்கள். பெண்கள் மூன்று பேருக்கு நகரின் மறுகோடியில், கொட்டாஞ்சேனையில் உங்கள் மேல்மாடி. நான், நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற புஷ்பம், பேங்கில் வேலை பார்க்கும் ஜெயராணி. நீங்கள் கேட்டைத் திறந்து எங்கள் மூவரையும் பார்த்தீர்கள். பிறகு எங்களைத் தாண்டி ஆட்டோவுக்குள் எட்டிப் பார்த்தீர்கள்.

"சிஸ்டர்மார் எங்க?"

"நாங்கதான்க்கா," என்றாள் புஷ்பம். எங்கள் சபையில் எல்லாப் பெண்களும் சிஸ்டர்தான்.

உங்கள் கண் ஜெயராணியின் சிவப்புச் சேலையில் நின்றது, பிறகு என் கழுத்துத் தாலியில் நின்றது. "கலியாணம் முடிச்ச சிஸ்டரோ?" என்று மெதுவாகக் கேட்டீர்கள். அப்போது எனக்கு ஒன்றும் புரியவில்லை. படியேறி அறையைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. மூன்று கட்டில், மூன்றிலும் வெள்ளை விரிப்பு, ஒவ்வொரு தலைமாட்டிலும் சிலுவை, தலையணை மேல் ஆளுக்கு ஒரு ஜெபமாலை. மேசையில் மாதா சொரூபம், அதன் காலடியில் ஒரு குட்டி விளக்கு. கன்னியாஸ்திரிகள் வருகிறார்கள் என்று நினைத்து நீங்கள் இரண்டு நாள் அறையைக் கழுவித் துடைத்திருக்கிறீர்கள். ஏமாற்றப்பட்டவர்களின் முகம் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும், அக்கா. நீங்கள் அந்த முகத்தோடுதான் எங்களுக்குப் பிளேன்டீ கொண்டுவந்தீர்கள்.

"உங்கட ஃபாதர் எங்க இருக்கிறார்?" என்று கேட்டீர்கள்.

"எங்க ஐயர் வெள்ளவத்தையில இருக்காங்க."

"ஐயரோ? பூசை செய்யிற ஐயரோ?"

நான் விளக்க விளக்க உங்கள் புருவம் ஏறிக்கொண்டே போனது. கன்னியாஸ்திரி அல்லாத சிஸ்டர்கள், அவர்களுக்கு மேலே ஒரு ஐயர், அவர் வெள்ளவத்தையில். நான் உங்கள் இடத்தில் இருந்திருந்தால் அன்றைக்கே பெட்டியை வெளியே வைத்திருப்பேன். எங்களுக்கும் உங்கள் மேல் அப்படித்தான். எது கேட்டாலும் "ஓம், ஓம்" என்கிறீர்களே, கிறிஸ்தவ வேதக்காரி வாயில் இது என்ன மந்திரம் என்று புஷ்பம் என் காதைக் கடித்தாள். ஆமாம் என்பதைத்தான் இங்கே அப்படிச் சொல்கிறார்கள் என்று தெரிய எங்களுக்கு ஒரு பகல் ஆனது. நாம் இரண்டு பேரும் ஒரே அர்த்தத்தில் பேசிய சொல், சர்ச்சுக்குச் சொல்லும் கோயில் ஒன்றுதான். நீங்களும் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனீர்கள், நாங்களும் கோயிலுக்குத்தான் போனோம்.

அந்த மாதா சொரூபத்தை என்ன செய்வது என்று மூவரும் கலந்து பேசினோம். சொரூபத்துக்கு முன்னால் எங்களால் ஜெபிக்க முடியாது. உங்களிடம் சொல்லவும் பயம். கடைசியில் துண்டில் சுற்றிச் சுவர் அலமாரிக்குள் வைத்தோம். மறுநாள் துடைக்க வந்தவர் காலி மேசையைப் பார்த்தீர்கள், அலமாரியைத் திறந்தீர்கள், துண்டைப் பிரித்தீர்கள். "மாதாவுக்கு மூச்சு முட்டும்," என்று சொல்லிக் கையில் ஏந்திக்கொண்டு கீழே இறங்கிப்போனீர்கள். கோபப்பட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். நீங்கள் கோபப்படாததுதான் என்னை உறுத்தியது. சத்தம் போடாதவர்கள் மனதுக்குள் ஏதோ வைத்திருக்கிறார்கள் என்பது என் பழைய நம்பிக்கை.

மூன்றாம் நாள் எங்கள் பாஸ்போர்ட்டைக் கேட்டீர்கள். "ஒரு கொப்பி எடுத்திட்டுத் தாறன்," என்றீர்கள், எதற்கு என்று சொல்லவில்லை. கேட்க எனக்கும் துணிவில்லை. எதற்கு என்று கேட்டால் எதற்குப் பயப்படுகிறாய் என்று திருப்பிக் கேட்பீர்களோ என்றிருந்தது. மற்ற இருவரின் பாஸ்போர்ட் வெள்ளவத்தையில் ஐயரிடம் இருந்தது. என்னுடையதை மட்டும் கொடுத்தேன். முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் நகல் எடுத்துக்கொண்டு ஒரு மணி நேரத்தில் திருப்பித் தந்தீர்கள். "எத்தனை நாள் நிப்பீங்க? மேல சமைக்கிறது எத்தனை பேருக்கு?" என்றும் கேட்டீர்கள். நான் நாளையும் குறைத்துச் சொன்னேன், வெள்ளவத்தை ஆண்களுக்கும் சேர்த்துச் சமைத்ததை மறைத்து ஆளையும் குறைத்துச் சொன்னேன்.

அன்று மட்டக்குளியில் வீடு சந்தித்துவிட்டுத் திரும்பினால், கட்டிலுக்கு அடியில் நாங்கள் வைத்திருந்த கைப்பிரதிக் கட்டு இடம் மாறியிருந்தது. சொரூப வணக்கம் வேண்டாம் என்று எழுதிய கைப்பிரதிகள் அவை. ஒன்றுகூடக் குறையவில்லை, ஆனால் மேல் தாள் தலைகீழாக இருந்தது. வாசித்திருக்கிறீர்கள். அன்று இடியப்பமும் சம்பலும் கொண்டுவந்து வைத்தபோது, "நாங்க பரம்பரையா வேதக்காரர், டீச்சர். எங்களை இனி எங்க கொண்டுபோகப் போறீங்க?" என்று மட்டும் கேட்டீர்கள். அன்றிலிருந்து நான் உங்களுக்கு சிஸ்டர் இல்லை, டீச்சர்.

அதற்கு மறுநாள் ஒரு போலீஸ்காரர் உங்கள் கேட்டுக்கு வெளியே மோட்டார் சைக்கிளை நிறுத்தினார். நான் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று பார்த்தேன். நீங்கள் சிங்களத்தில் ஏதோ கேட்டீர்கள், அவர் கையை நீட்டி ஒரு திசையைக் காட்டினார், இரண்டு பேரும் சிரித்தீர்கள். அவர் போகும்போது மேல்மாடியை நிமிர்ந்து பார்த்தது போலிருந்தது. பார்த்தாரா என்று இன்றைக்கு என்னால் சத்தியம் பண்ண முடியாது. அன்றைக்குப் பண்ணியிருப்பேன்.

அன்று சாயங்காலம் கரண்ட் போனது. மெழுகுவர்த்தி கேட்கலாம் என்று பாதிப் படி இறங்கினேன். நீங்கள் போனில் கதைத்துக்கொண்டிருந்தீர்கள். பாதி சிங்களம், பாதி தமிழ். என் காதில் விழுந்தது இது: "ஓம், நாளைக்கு விடியவே போலீசுக்குப் போறன்... மேல இருக்கிற இந்தியாக்காரர்ட பாஸ்போட் கொப்பி என்னட்ட இருக்கு. அதைக் குடுத்தாச் சரிதானே? ... ஹரி, ஹரி." ஹரி என்றால் சிங்களத்தில் சரி என்பது மட்டும் எனக்கு அதற்குள் தெரிந்திருந்தது.

மெழுகுவர்த்தி கேட்காமல் மேலே ஏறினேன். கன்னியாஸ்திரி இல்லை என்று கண்டுபிடித்தது, மாதாவை எடுத்துப் போனது, கைப்பிரதி, பாஸ்போர்ட், போலீஸ்காரர் எல்லாம் கணக்குச் சூத்திரம் போல வரிசையாகச் சேர்ந்தன. ஐயருக்குப் போன் போட்டேன். "விடிஞ்சதும் மூணு பேரும் இங்க வந்துருங்க. பிடிச்சா நம்ம ஆறு பேரையும் திருப்பி அனுப்பிருவாங்க, இனி இந்த நாட்டுக்குள்ளயே விட மாட்டாங்க," என்றார்.

நீங்கள் விடிவதற்கு முன்பே கேட்டைத் திறந்து போன சத்தம் கேட்டது. வெளிச்சம் வந்ததும் நாங்கள் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு இறங்கினோம். பெட்ரோல் தட்டுப்பாட்டில் ஒரு ஆட்டோ கிடைக்க முக்கால் மணி நேரம் ஆனது. அந்த முக்கால் மணி நேரந்தான் எல்லாவற்றையும் கெடுத்தது. பக்கத்து வீட்டு மெற்றில்டா வாசல் கூட்ட வந்தார். "என்ன டீச்சர், விடியவே வெளிக்கிட்டாச்சு?" என்றார். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஜெயராணி என் கையைக் கிள்ளினாள்கூட. ஆனால் எனக்குக் கோபம். அடைக்கலம் கொடுத்த வீடு இப்படிச் செய்யலாமா என்ற கோபம்.

"அந்த அக்கா எங்களப் போலீஸ்ல காட்டிக் குடுக்கப் போயிருக்காங்க," என்றேன்.

மெற்றில்டா விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டு நெஞ்சில் கை வைத்தார். "இன்னும் அந்தப் பழக்கத்தை விடேல்லயோ அவ?" என்றார்.

பார்த்தாயா, நான் நினைத்தது சரி என்று ஆட்டோவுக்குள் ஏறியதும் புஷ்பத்திடம் சொன்னேன். வெள்ளவத்தை வரும்வரை அந்த ஒரு வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தேன்.

நாங்கள் வெளியேறிய மூன்றாம் நாள் மத்தியானம் நீங்கள் வெள்ளவத்தையில் விசாரித்து வந்து பிளாட்டின் கதவைத் தட்டினீர்கள். ஐயர் கதவிடுக்கில் பார்த்துவிட்டு, தனியாகத்தான் வந்திருக்கிறார் என்று உறுதி செய்துகொண்டு திறந்தார். வியர்த்து ஒழுகியிருந்தது. பஸ் இல்லாமல் பாதி தூரம் நடந்து வந்ததாகச் சொன்னீர்கள். "மேல்மாடித் திறப்பை எடுத்துக்கொண்டு வந்திட்டீங்க, டீச்சர். என்னட்ட வேற திறப்பு இல்ல," என்றீர்கள். என் கைப்பைக்குள் இருந்த சாவியை எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு எழுந்திருக்காமல் உட்கார்ந்தே இருந்தீர்கள்.

"நான் உங்களுக்கு என்ன குறை வச்சனான்?"

ஐயர் தொண்டையைக் கனைத்தார். நான்தான் சொன்னேன், நேராகவே. நீங்கள் போனில் பேசியது என் காதில் விழுந்தது என்றேன். போலீசுக்குப் போகிறேன், இந்தியாக்காரர் பாஸ்போர்ட்டைக் கொடுக்கிறேன் என்று நீங்கள் சொன்னதை வார்த்தை வார்த்தையாகச் சொன்னேன்.

நீங்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டீர்கள்.

"பொலிஸ் இல்ல, டீச்சர். போலிம். போலிம் எண்டால் லைன். ஆக்கள் ஒருத்தருக்குப் பின்னால ஒருத்தர் நிக்கிறது. சிங்களச் சொல்லு, இஞ்ச எல்லாரும் சொல்றது. காஸ் போலிமுக்குப் போறன் எண்டுதான் சொன்னனான்."

நீங்களே மேலே சொன்னீர்கள். ஒரு வீட்டுக்கு ஒரு சிலிண்டர்தான். மேல்மாடியில் வேறு குடும்பம் இருக்கிறது என்று பெயரும் அத்தாட்சியும் கொடுத்தால் இன்னொன்று தருகிறோம் என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார். எங்கள் சமையலுக்காக. கீழே உங்கள் அடுப்பு விறகில் எரிந்தது எனக்குத் தெரியும், நான் காரணம் கேட்கவில்லை. அந்தப் போலீஸ்காரரிடம் நீங்கள் கேட்டதும் காஸ் லொறி எந்தக் கடைக்கு வரும் என்பதைத்தான். ஒன்றரை நாள் போலிமில் நின்று, என் பெயருக்கு வந்த சிலிண்டரை ஒரு தள்ளுவண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து, பூட்டிய அறைக்கு முன்னால் வைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள்.

"சுத்திப் பாக்க வந்த ஆக்கள் கடல்கூடப் பாக்கப் போகேல்ல. நீங்க என்னத்துக்கு வந்தனீங்க எண்டு எனக்கு முதல் நாளே விளங்கினது. நான் ஆரிட்டையும் கதைச்சனானா?" என்றீர்கள்.

நான் மன்னிப்புக் கேட்டேன். அது உங்களுக்குப் போதவில்லை. போதாததற்கு ஒரு காரணம் இருந்தது. அதையும் அன்றுதான் சொன்னீர்கள். சண்டைக் காலத்தில் வடக்கிலிருந்து வந்து வெளிநாட்டு விசாவுக்குக் காத்திருந்த ஒரு பெண்பிள்ளை உங்கள் மேல்மாடியில் இருந்தாள். வீட்டில் தங்குகிறவர்களின் பெயரைப் பொலிசில் பதிய வேண்டும் என்று அப்போது சட்டம், பதிந்தீர்கள். ஒரு சுற்றிவளைப்பில் அவளைப் பிடித்துக்கொண்டு போனார்கள். இரண்டு வாரத்தில் விட்டார்கள். அவள் வெளிநாடு போய் இன்றைக்கும் கிறிஸ்மசுக்கு வாழ்த்து அனுப்புகிறாள். ஆனால் அந்த இரண்டு வாரத்தில் உங்கள் சந்து முழுக்கப் பரவிய கதை மட்டும் போகவில்லை.

"காட்டிக் குடுத்தவ எண்ட பெயரோட முப்பது வருஷம் அந்த லேனில இருந்திட்டன். இப்பதான் சனம் கொஞ்சம் மறந்தது. நீங்க மெற்றில்டாட்ட சொல்லிட்டுப் போனது நேற்றே கடை வரைக்கும் வந்திட்டுது." உங்கள் குரல் அப்போதுதான் முதல்முறையாக உடைந்தது. "நான் சொன்னா நம்ப மாட்டினம். போறதுக்கு முதல் நீங்க வந்து அவட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க, டீச்சர். வேற ஒண்டும் வேண்டாம்."

"ஓம், அக்கா," என்றேன். உங்கள் சொல்லிலேயே சொன்னேன். நீங்கள் நம்பிக்கொண்டு எழுந்து போனீர்கள்.

நான் எப்படிப்பட்டவள் என்பதற்கு இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் போன பிறகும் எனக்கு முழுதாக நம்பிக்கை வரவில்லை. சமாளிப்பதற்காக ஒரு சொல்லைச் செய்து சொல்லியிருப்பாரோ என்று தோன்றியது. மறுநாள் காலி வீதி என்கிற அந்தப் பெரிய ரோட்டில் ஒரு மண்ணெண்ணெய்க் கடை வாசலில் நீளமாகச் சனம் நின்றது. வாசலில் நின்ற முஸ்லிம் பெரியவரிடம் போய், "இதுக்குப் பேரு என்னங்க?" என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "போலிம்தான், வேறென்ன? பின்னுக்குப் போய் நில்லுங்க, தங்கச்சி," என்றார். நின்ற சனம் சிரித்தது. எனக்கு முகம் எரிந்தது.

அன்றைக்கே கொட்டாஞ்சேனைக்கு வந்திருக்க வேண்டும். ஐயர் தடுத்தார். "நீங்க போய் சொன்னா, போலீஸ்னதும் ஏன் பயந்து ஓடினீங்கன்னு அந்தப் பொம்பள கேக்கும். விசா விஷயம் வெளிய வரும். கர்த்தர் அந்த அக்காவ நியாயப்படுத்துவார், நாம ஜெபிப்போம்," என்றார். அவர் மேல் பழி போட்டுத் தப்பித்துக்கொள்ள மாட்டேன். அவர் தடுத்தபோது எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது. மெற்றில்டா முகத்தைப் பார்த்து, நான் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று சொல்ல எனக்கு வெட்கம். பள்ளிக்கூடத்தில் எத்தனை பிள்ளைகளை எழுப்பி நிறுத்தி மன்னிப்புக் கேட்க வைத்தவள் நான். எனக்கு என்று வரும்போது கால் எழவில்லை. அந்த வாரக் கடைசியில் விமானம் ஏறினோம். ஊர் வந்து சபையில் சாட்சி சொன்னபோது, கர்த்தர் எங்களை ஆபத்திலிருந்து காத்தார் என்று புஷ்பம் சொன்னாள். எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

பிறகு கடிதம் எழுதலாம் என்று நினைத்தேன், எழுதவில்லை. இந்த வருஷம், அடுத்த வருஷம் என்று தள்ளித் தள்ளி வைத்தேன். நீங்கள் என்னைவிட ஐந்தாறு வயதுதான் மூத்தவர், அதற்குள் போய்விடுவீர்கள் என்று யார் கண்டார்கள்.

அட்டை வந்த மறுநாள் உங்கள் மகளுக்குப் போன் செய்தேன். கலியாணமாகி ஹெந்தளையில் இருக்கிறாராம். யார் என்று சொன்னதும், "ஓ, மேல்மாடிச் சிஸ்டர்மாரா?" என்றார். நீங்கள் கடைசிவரை எங்களை அப்படித்தான் சொல்வீர்களாம். நான் நடந்ததை எல்லாம் சொன்னேன்.

"அம்மா எங்களுக்கு இதைச் சொல்லேல்ல. இந்தியாவில ஆருக்கோ சுகமில்லை, அதான் அவசரமாப் போயிட்டினம் எண்டுதான் எல்லாருக்கும் சொன்னவ. லேனில சனம் ஒரு மாதிரிக் கதைக்குது, என்னம்மா நடந்தது எண்டு நான் ஒருநாள் பிடிச்சுக் கேட்டனான். அதுகள் பயந்து பயந்து வந்ததுகள், பிள்ளை, நான் வாய் திறந்தா அதுகளுக்குத்தான் பிரச்சினை எண்டு சொன்னவ. எனக்கு அப்ப விளங்கேல்ல."

போனை வைத்துவிட்டு அடுப்படியில் போய் நின்றேன். அழுதேன், அக்கா. உங்களைக் காப்பாற்றிக்கொள்ள உங்களுக்கு ஒரே ஒரு வழிதான் இருந்தது: நாங்கள் எதற்குப் பயந்து ஓடினோம் என்று சொல்வது. அதைச் சொல்லவில்லை. உங்களைக் காட்டிக் கொடுத்தவர் என்று சொன்ன சனத்துக்கு நடுவில், எங்களைக் காட்டிக் கொடுக்காமலே இருந்து செத்துப்போயிருக்கிறீர்கள். அந்தச் சந்தில் காட்டிக் கொடுத்தவள் ஒருத்தி உண்டு, அவள் பாளையங்கோட்டையிலிருந்து வந்தவள்.

போன சனிக்கிழமை உங்கள் மகள் கொட்டாஞ்சேனைக்குப் போன நேரத்தில் மெற்றில்டாவிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். விசாவிலிருந்து தொடங்கி ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். போலிம் என்ற சொல்லை நான் போலீஸ் என்று கேட்ட இடம் வந்தபோது அவர் சிரிக்கவில்லை.

"இதை அவ இருக்கேக்க வந்து சொல்லியிருக்கலாமே, டீச்சர்," என்றார். பிறகு, "செத்த வீட்டுக்குக்கூட லேனில பாதிப் பேர் போகேல்ல. நானும் போகேல்ல," என்றார்.

அவர் போனை வைத்துவிட்டார்.

இறந்தவர்களுக்காக ஜெபிக்கிற வழக்கம் எங்கள் சபையில் கிடையாது. அது தப்பு என்றே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். உங்கள் கட்டிலுக்கடியில் நாங்கள் வைத்திருந்த கைப்பிரதியிலும் அதற்கு ஒரு பத்தி உண்டு, நீங்கள் வாசித்திருப்பீர்கள். இந்த ஞாயிறு கோயிலில் எல்லாரும் கண்ணை மூடியபோது நான் உங்கள் பெயரைச் சொன்னேன், கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த புஷ்பம் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும், அது என்னுடைய பார்வைதான். அடுத்த ஞாயிறும் சொல்வேன். அவள் என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளட்டும், அக்கா.